துரு தட்டுகிறவர் வீட்டுக் கம்ப்யூட்டர்

கடல் தண்ணீரில் கிடக்கிற இரும்பு சும்மா இருக்காது. பொருக்குப் பொருக்காகத் துரு எழும்பும். அதைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் கப்பலுக்குப் புது பெயிண்ட் அடிப்பார்கள். அந்தத் தட்டுகிற வேலைக்குச் சிப்பிங் என்று பேர். திருவொற்றியூர் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் குடியிருந்த செங்குட்டுவன், மீசை முளைக்கிறதற்கு முன்னாலேயே அந்த வேலைக்குப் போனவன்.

கப்பலின் வயிற்றில் இருக்கிற தொட்டிக்குள் ஆறேழு பேர் இறங்கி ஒரே நேரத்தில் தட்டுவார்கள். நாலு பக்கமும் இரும்பு. பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பேச்செல்லாம் கை ஜாடைதான். சாப்பாட்டு நேரம் வந்தால் மேஸ்திரி மேலே இருந்து தகட்டில் ஓங்கித் தட்டுவார். அதையும் காதால் கேட்கிறதில்லை, கால் வழியாகத் தெரிந்துகொள்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் செங்குட்டுவன் ஒருநாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனான்.

"இன்னாடா, மூக்குலயும் ரெண்டு வெச்சினு வர்றதுதானே? அப்டியே தூக்கினு போயிடலாம்" என்று மேஸ்திரி சொல்ல, தொட்டியே சிரித்தது. செத்தவனுக்குத்தான் பஞ்சு வைப்பார்கள். அன்றைக்குப் பிடுங்கி எறிந்தவன் மறுபடி வைக்கவில்லை. அங்கே யாருமே வைப்பதில்லை.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி எழில்மொழி. வியாசர்பாடிப் பெண். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அவள் குரல் தொண்டையைத் தாண்டி வெளியே வருவதே பெரிய காரியம். குழாயடியில் அதே கட்டிடத்துச் செல்லம்மா, "வாயில கொழுக்கட்டையாடி வெச்சினு கீற? துப்பிட்டுப் பேசு" என்பாள். எழில்மொழி சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். எல்லாவற்றையும் பார்ப்பாள், எதையும் சொல்ல மாட்டாள். கல்யாணமான புதிதில் அவள் பேசினால் செங்குட்டுவன் குனிந்து காதை அவள் வாய்ப் பக்கம் கொண்டு வருவான். "ரேடியோ ஸ்டேசன் தொறந்துட்டாங்கப்பா, இன்னா நூஸ்னு கேப்போம்" என்பான். அந்தக் கேலி அவளுக்குப் பிடிக்கும்.

மகள் கீர்த்தி, அம்மா பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவளாகப் பிறந்தாள். தூக்கத்திலும் பேசுவாள். எதிர் வீட்டு ரஹீமுன்னிசாவின் புருஷன் சவுதியில் இருந்தார். அவருக்குக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக, ரஹீமுன்னிசா டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிந்து கேசட்டாக அனுப்புவாள். கீர்த்தி அதைப் பார்த்துவிட்டுத் தானும் பேசியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "ஒங்க நைனா சவுதியிலயா கீறாரு? சாயங்காலம் ஆனா வந்துடப் போறாரு" என்று சிரித்துக்கொண்டே ரஹீமுன்னிசா ஒரு காலி கேசட்டைப் போட்டுப் பதிந்து கொடுத்தாள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் கீர்த்திக்குக் காய்ச்சல் வந்தது. செங்குட்டுவன் எண்ணூர்ப் பக்கம் ஒரு கப்பலில் தங்கல் வேலையில் இருந்தான். எழில்மொழி கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து, கஞ்சி வைத்து, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருந்துவிட்டாள். காலையில் போனபோது காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். குழந்தைக்கு ஆறு வயது முடிந்திருந்தது.

அப்பன் வந்து சேர்ந்தபோது குழந்தையின் மூக்கில் பஞ்சு இருந்தது.

அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் ராத்திரியே போகவில்லை என்று கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கொஞ்ச நாள் கழித்து, அவன் வேலைக்குக் கிளம்பும்போது வராந்தாக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் பின்னால் துண்டோடு நின்றாள். அதுவரை கேட்க முடியாததைக் கேட்டாள். "மாமா, என் மேல கோவமா?"

அவன் திரும்பவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பினான். துண்டை வாங்கிக்கொண்டு போனான்.

அதுதான் பதில் என்று எழில்மொழி எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் சோறு, தண்ணீர், சாவி என்று தேவையானதைத் தவிர அவள் பேசவில்லை. அதற்கும் பாதி நேரம் அவன் பதில் சொல்வதில்லை. சொல்ல வேண்டாம், எனக்கு இது வேண்டும்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

சாயங்காலம் மட்டும் இரண்டு பேரும் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்பார்கள். ஒருநாள் வீட்டிலிருந்த பழைய டேப் ரெக்கார்டர் நாடாவை உள்ளே இழுத்துக் கடித்துவிட்டது. செங்குட்டுவன் அதைப் பூப்போல வெளியே எடுத்து, பென்சிலை நுழைத்துச் சுற்றினான். அப்புறம் போட்டபோது ஓர் இடத்தில் கீர்த்தியின் குரல் தண்ணீருக்குள் பேசுகிற மாதிரி கொழகொழத்தது. அன்றோடு அவன் கேசட்டை எடுத்து வைத்துவிட்டான்.

"இனிமே போடக் கூடாது. மிச்சத்தையும் துன்னுடும்."

கடல் காற்றின் ஈரம் படாமல் இருக்க, பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தான். தினமும் உலைக்கு அரிசி அளக்கும்போது எழில்மொழியின் விரல் அதில் இடிக்கும். ஒவ்வொரு தடவையும் கையை ஒரு நிமிஷம் அங்கேயே வைத்திருந்துவிட்டு எடுப்பாள். ஆழாக்கில் அள்ளிக்கொண்டே மற்றக் கையால் அதைக் கீழே தள்ளி விடுவாள்.

கடையில் கொடுத்து வேறு கேசட்டில் ஏற்றலாமே என்று ரஹீமுன்னிசா சொன்னாள். அடுத்தவன் கையில் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. வழி சொன்னவன் ஜார்ஜ். ராயபுரத்துக்காரன், செங்குட்டுவனோடு ஒன்றாகப் படித்தவன், ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் அட்டெண்டர். அவனுக்குத் தொண்டை பெரிது. மாடிப்படியில் ஏறும்போதே பேச்சு மூன்றாவது மாடிக்கு வந்துவிடும்.

"மாமு, கம்ப்யூட்டர்ல ஏத்திட்டினா தேயவே தேயாது. தெனம் ஆயிரம் வாட்டி போட்டுக் கேளு. சத்தத்தயும் எவ்ளோ வேணா ஏத்திக்கலாம்."

சத்தத்தை ஏற்றலாம் என்றதும் செங்குட்டுவன் நிமிர்ந்து பார்த்தான். எழில்மொழி அதைக் கவனித்தாள். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

இரண்டாயிரத்து நாலில் ஜார்ஜின் ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டினார்கள். அதில் ஒன்று ஆட்டோவில் ஏறி மூன்றாவது மாடிக்கு வந்தது. உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் பெட்டி. விண்டோஸ் வேண்டாம், திருட்டு சிடியில் போட்டால் வைரஸ் வரும் என்று சொல்லி, ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர் கொடுத்த லினக்ஸ் சிடியை ஜார்ஜ் போட்டான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றான். "இது கோயில் கூழ் மாதிரி மாமு." திரையில் ஒரு பென்குயின் வந்து உட்கார்ந்தது. படம் வந்தது, எழுத்து வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"தனி கார்டு கிடையாது இதுல. போர்டுலயே சவுண்டு கீது" என்று ஜார்ஜ் டார்ச் அடித்துக் காட்டினான். ஒரு கறுப்புச் சில்லு, சுண்டு விரல் நகம் அளவு. "இது இன்னா சில்லுன்னு சிஸ்டத்துக்குத் தெரியணும். அதுக்கு ஏத்த டிரைவர்னு ஒரு புரோக்ராம் ஏறணும். அப்பால வாய் தொறக்கும்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. ஜார்ஜ் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வருவான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் என்னவோ அடிப்பார்கள். இந்த வாரம் சில்லு தெரிகிறது, டிரைவர் ஏறவில்லை என்பான். அடுத்த வாரம் டிரைவர் ஏறிவிட்டது, ஆனாலும் ஊமை என்பான். வாரநாளில் வேலை விட்டு வந்ததும் செங்குட்டுவன் தனியாக உட்காருவான். சுத்தியல் பிடித்துக் காய்த்த விரல் ஒரே அழுத்தில் இரண்டு எழுத்தை அழுத்தும். அழிப்பான், மறுபடி அடிப்பான்.

"இன்னா செங்குட்டுவா, ஊமை டிவி வாங்கினு வந்துட்டியாமே?" என்று செல்லம்மா படிக்கட்டில் கேட்டாள்.

அவன் பாட்டுக்கு இறங்கிப் போனான்.

"பாருடி உம் புருசன் திமிர! கம்ப்யூட்டர் வந்ததும் காலு தரையில படல."

எழில்மொழி படி ஏறினாள். என்னிடமே பேசுவதில்லை, உன்னிடமா பேசப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தான். போகும்முன் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். ஒலிக்கு மிக்சர் என்று ஒரு திரை இருக்கிறது, அதில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கம்பம் நிற்கும், கம்பத்துக்கு அடியில் இரண்டு எம் எழுத்து இருந்தால் அந்த வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சிஸ்டம் முதலில் எல்லா வழியையும் அடைத்தே வைத்திருக்குமாம். ஆபீசில் விசாரித்துக் கண்டுபிடித்தானாம். "அத்தான் இவ்ளோ நாளா பேஜார் பண்ணிகீது. ஒவ்வொண்ணா எம் அழுத்தித் தொற. அப்பால விசில் டெஸ்டு வுட்டுப் பாரு, ஸ்பீக்கர் விசிலடிக்கணும்."

அன்று காலை எழில்மொழி கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்து ஊசி மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. நின்றது. மறுபடி கிளம்பியது.

"ஒங்க வூட்லதான்டி. குக்கரு வெச்சிட்டு வந்துட்டியா?" என்றாள் செல்லம்மா.

எழில்மொழி குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். படி ஏற ஏறச் சத்தம் பெருத்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தடுக்கியது. வாசலில் போய் நின்றாள். உள்ளே விசில் காதைக் கிழித்தது. செங்குட்டுவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையை ஸ்பீக்கர் மேல் வைத்திருந்தான். திரையைப் பார்த்தான், மறுபடி பட்டனை அழுத்தினான். விசில் நின்று, மறுபடி கத்தியது.

"தூ!" என்றான் தனக்குத்தானே. "எல்லாத்தையும் தொறந்துட்டேன். இன்னும் ஊமையாவே கீது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. விளையாடுகிறானோ என்று நினைத்தாள்.

"மாமா, சத்தம் வருது" என்றாள்.

அவன் திரும்பவில்லை.

"மாமா."

ஜார்ஜின் குரல் இவனுக்குக் கேட்கும். துறைமுகத்துக் கப்பல் ஊதினால் கேட்கும். லாரி ஹாரன் கேட்கும். கனத்த சத்தம்தான் காதில் ஏறுகிறது, ஊசி மாதிரிச் சத்தம் ஏறுவதில்லை. செல்லம்மா கேட்டது கேட்கவில்லை. நான் கேட்டதும் கேட்கவில்லை. எழில்மொழி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.  அன்றைக்கு வராந்தாவில் கேட்ட அதே குரலில், அவன் முதுகைப் பார்த்து, மறுபடியும் கேட்டாள்.

"மாமா, என் மேல கோவமா?"

முதுகு அசையவில்லை. விசில் மட்டும் ஓடியது.

அவள் உள்ளே போய், எதையோ துடைக்கிற மாதிரி, ஸ்பீக்கரின் திருகைக் கடைசி வரை குறைத்தாள். வீடு அமைதியானது. அவன் அவளைப் பார்த்தான். கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, "வுடு. வராட்டி போவுது. இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்றான்.

சத்தம் வரவில்லை என்கிற மாதிரி அவளும் தலையை ஆட்டினாள்.

அந்த வாரம் முழுக்க அவன் உட்கார்ந்தான். திருகு மூடியே இருந்தது. ஒவ்வொரு கம்பமாக ஏற்றிப் பார்த்தான், இறக்கிப் பார்த்தான். சிஸ்டத்தையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறேன் என்றான். அழித்துவிட்டால் வந்த சத்தமும் போய்விடும். சொல்லிவிடலாம் என்று அவள் பல தடவை வாயைத் திறந்தாள். சத்தம் வருகிறது என்று எப்படிச் சொன்னாலும், உனக்குக் காது போய்விட்டது என்றுதானே ஆகிறது? அவன் இத்தனை நாளும் எதற்காக உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குரலைக் காதில் வாங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசையைப் பிடுங்க அவளுக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் மொட்டைத் தலையோடு வந்தான். திரையைப் பார்த்தான். "அடேய், எல்லாம் சரியாத்தானே கீது!" என்றவன் ஸ்பீக்கரை எடுத்துப் பார்த்தான். "திருக மூடி வெச்சினு ஒரு வாரமா தேடிகினு இருந்தியா? சரியான ஆளுடா!" திருகினான்.

விசில் அறையைப் பிளந்தது.

"மாமு! வந்துச்சு!" ஜார்ஜ் எழுந்து ஆடினான். "இன்னாடா மொறைக்கிற? செவுடனுக்கே கேக்குமே இது!"

செங்குட்டுவன் ஜார்ஜின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் எழில்மொழியின் முகத்தைப் பார்த்தான். 

"வருதா?" என்றான்.

ஜார்ஜின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மெல்லக் குனிந்து விசிலை நிறுத்தினான்.

"போன வாரமும் வந்துச்சா?" என்று செங்குட்டுவன் அவளைக் கேட்டான். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"தெரியும்" என்றான் அவன். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. "காது கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சிகினே வந்துச்சு. கேசட்டு போடும்போது நீ மட்டும் சிரிப்ப. எனக்கு ஒண்ணும் வராது. கப்பல் யார்டுல தெரிஞ்சா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்க. கம்ப்யூட்டர்ல சத்தத்த ஏத்தினா கேக்கும்னு நெனச்சேன்." பிறகு எழுந்தான். "கேசட்ட எடுத்துனு வா. ஏத்திப் பாப்போம்."

எழில்மொழி அரிசிக்குள் கையை விட்டாள். கவரை உதறியபோது அரிசி மணிகள் தரையெல்லாம் தெறித்தன. ரஹீமுன்னிசாவின் டேப் ரெக்கார்டர் வந்தது. ஜார்ஜ் அதிலிருந்து ஒரு ஒயரை எடுத்துக் கம்ப்யூட்டரின் பின்னால் சொருகினான். பதிகிற புரோக்ராமைத் திறந்தான். அவன் சத்தமே போடாமல் வேலை செய்வதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

டேப் ஓடியது. கீர்த்தி பேசினாள்.

ஜார்ஜ் ஒலியை ஏற்றினான். இன்னும் ஏற்றினான். ஸ்பீக்கர் கரகரத்தது. கீழ் மாடியில் இருந்துகூட ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்லம்மா வாசல் வரை வந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிடம் முழுக்கக் கீர்த்தி பேசினாள். அவள் அப்பன் மட்டும் ஸ்பீக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, காத்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று, "இந்தா, இது!" என்றான். "டங்கு டங்குன்னு கையில இடிக்குது. தட்டுல ஸ்பூன்ல அடிக்கிறா இல்ல? நான் கப்பல்ல தட்ற மாதிரி?"

"ஆமாண்டா" என்றான் ஜார்ஜ்.

"அது மட்டும் தெரியுது."

திரையில் அவள் பேச்சு பச்சை அலையாக ஓடிக்கொண்டிருந்தது. கத்தினால் உயரும், மூச்சு விட்டால் ஒடுங்கும். டேப் முடிந்ததும் ஜார்ஜ் அதைச் சேமித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே படி இறங்கிப் போனான். வாசலில் நின்றவர்களும் போய்விட்டார்கள்.

செங்குட்டுவன் அலையின் மேல் விரலை வைத்தான். "இங்க இன்னா சொல்றா?"

எழில்மொழி அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவன் வாயைப் பார்ப்பான் என்று தெரிந்து முகத்தை நிமிர்த்தினாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியது இல்லை. எதிர் வீட்டில் ரஹீமுன்னிசா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திக் கேட்டாள்.

"எங்க நைனா கப்பலுக்கு முதுகு சொறிஞ்சி வுடறாரு."

அவன் உதடு கூடவே அசைந்தது. சிரித்தான். "அப்பறம்?"

"டங்கு டங்கு டங்கு. இப்டி சொறிவாரு. கப்பலு தூங்கிடும்."

"அப்பறம்?"

"நைனா, சீக்கிரம் வூட்டுக்கு வா. வரும்போது பொரி உருண்டை வாங்கினு வா. அம்மாக்கு வாணாம். எனக்கு மட்டும்."

"அப்பறம்?"

கேசட்டில் அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. எழில்மொழியின் வாய் மூடவில்லை.

"என் மேல கோவமா?"

அவன் நெற்றியைச் சுருக்கினான். "அது கேசட்டுல கெடையாதே. அத யாரு சொல்றா?"

"நான்."

"எப்ப?"

"கீர்த்தி போன புதுசுல. வராண்டாவுல. நீ முகம் கழுவிகினு இருந்த. நான் பின்னால நின்னு கேட்டேன்."

அவன் அவள் வாயையே பார்த்தான். அவள் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக உள்ளே அடுக்கிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"எனக்கு எதுக்குடி உம் மேல கோவம்?" என்றான். குரல் உடைந்துவிட்டது, அது அவனுக்கே தெரியாது. "நான்தானே கப்பல்ல கெடந்தேன்? நீதான் அன்னிலேருந்து எங்கிட்ட பேசறதயே வுட்டுட்டியே. அத்தினி கோவம்னு நெனச்சிகினு நான் வாய மூடிகினு இருந்தேன்."

அவள் பேசியிருந்தாள். சோறு, தண்ணீர், சாவி என்றாவது, அரிசி களைந்துகொண்டு, துணி பிழிந்துகொண்டு, அவன் முதுகுக்குப் பின்னால் எத்தனையோ தடவை பேசியிருந்தாள்.  அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் மற்றக் கையை நீட்டிப் பட்டனை அழுத்தினான். அலை முதலில் இருந்து நகர ஆரம்பித்தது. கீர்த்தி பேசத் தொடங்கினாள். அவன் ஸ்பீக்கர் பக்கம் திரும்பவில்லை. எழில்மொழியின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சொல்லு" என்றான்.